கரண்ட் போய் வந்ததும் குள மட்டம் அளக்கிற புரோகிராம் தானாத் தொடங்க வேணும்: சிஸ்டம்டி 203 எண்டு நிக்குது

துருசடி (முரசுமோட்டை)

குளக்கட்டில, துருசுக் கொட்டிலுக்குள்ள ஒரு ராஸ்ப்பெரி பை 4 வைச்சிருக்கு. ராஸ்ப்பெரி பை ஓஎஸ், புக்வேர்ம் லைட். மட்டம் பார்க்கிற அல்ட்ராசொனிக் சென்சர் ஆடுயினோ நானோவில பூட்டி, நானோ யூஎஸ்பி வயரால பைக்கு வருது. 10 செக்கனுக்கு ஒரு வரி. அதை வாசிச்சு சீஎஸ்வி பைலில எழுதி, 15 நிமிசத்துக்கு ஒருக்கா சிம் ரவுட்டர் வழியாச் சேர்வருக்கு அனுப்புறது மட்டம்.பிவை எண்ட பைத்தன் புரோகிராம்.

கையால ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பை தானா ஓன் ஆனால் தொடங்காது. ஆர்சி.லோக்கலில ஒரு வரி, கிரொன்டாபில @ரீபூட், ரெண்டும் பார்த்தாச்சு. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, ஏன் எண்டு அறிய ஒரு லொக்கும் இல்லை. சிஸ்டம்டிக்கு (பை ஓன் ஆகேக்க புரோகிராம்களைத் தொடக்கிற பகுதி) மாத்தினாப் பிறகு எப்பவும் இதுதான் வருது:

மட்டம்.சேர்விஸ்: மெயின் புரொசஸ் எக்ஸிட்டட், கோட்=எக்ஸிட்டட், ஸ்டேடஸ்=203/எக்ஸெக்

/எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம்/ இல இருக்கிற மட்டம்.சேர்விஸ் பைல்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=குள மட்டம்
ஆஃப்டர்=நெட்வேர்க்.டார்கெட்

[சேர்விஸ்]
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஹோம்/குளம்/மட்டம்/மட்டம்.பிவை
ரீஸ்டார்ட்=ஆல்வேய்ஸ்

[இன்ஸ்டோல்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

இங்க தமிழ் எழுத்தில போட்டிருக்கு, பையில எல்லாம் ஆங்கில எழுத்துத்தான். ஐப்பசி மழைக்கு முதல் இது நேராக வேணும். குளம் நிரம்பி வான் பாயிற இரவிலதான் கரண்டும் போய்ப் போய் வரும், அந்த நேரத்து மட்டம்தான் கமக்காரருக்குத் தேவை.

---

மாங்குளம் சந்தி

203 எண்டால் உங்கட புரோகிராம் தொடங்கவே இல்லை. பைத்தனில ஒரு வரிகூட ஓடேல்லை, அதால கோடுக்குள்ள தேடாதேங்கோ. காரணத்தை ஜேர்னல் (சிஸ்டம்டி எழுதுற லொக்) ஒரு வரியில சொல்லும்:

சூடோ ஜேர்னல்சிடிஎல் -யூ மட்டம் -பி

அதில மூண்டில ஒண்டு இருக்கும். "பெர்மிஷன் டினைட்" எண்டால் பைலுக்கு ஓடுற அனுமதி இல்லை, சிஎச்மொட் +எக்ஸ் போட வேணும். "எக்ஸெக் ஃபோர்மட் எரர்" எண்டால் எதால ஓட்ட வேணும் எண்டு சொல்லுற #! முதல் வரியில இல்லை. மூண்டாவதுதான் ஆளைச் சுத்த வைக்கிறது: பைல் கண்ணுக்கு முன்னால கிடக்க, "நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி" எண்டு வரும். பைலை விண்டோஸ் லப்டொப்பில நொட்பாட்டில எழுதிக் கொண்டுவந்து போட்டால் ஒவ்வொரு வரிக் கடைசியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துக் கூட வரும். முதல் வரியில இருக்கிற பைத்தன்3 எண்ட பெயரோட அது ஒட்டிக்கொள்ளும். அப்பிடி ஒரு பெயரில மெஷினில எதுவும் இல்லை, அதைத்தான் "இல்லை" எண்டு சொல்லுது. உங்கட பைலைச் சொல்லேல்லை. கையால ஓட்டேக்க பைத்தன்3 மட்டம்.பிவை எண்டு நீங்களே பைத்தனைக் கூப்பிடுறீங்கள், முதல் வரியை ஆரும் பார்க்கிறேல்லை. அதாலதான் கையால ஓடுது.

எந்தக் காரணமாக இருந்தாலும் மருந்து ஒண்டுதான். பைத்தனின்ர முழுப் பாதையை முன்னுக்குக் குடுங்கோ. புக்வேர்மில பிப் நேராப் போட விடாது, பைசீரியலை (யூஎஸ்பி போர்ட்டை வாசிக்கிற பைத்தன் பக்கேஜ்) வென்வுக்குள்ளதான் (ஒரு புரோகிராமுக்கெண்டு தனியா வைக்கிற பைத்தன் டிரெக்டரி) போட்டிருப்பீங்கள். அப்பிடியெண்டால் அந்த வென்வுக்குள்ள இருக்கிற பைத்தனையே குடுக்க வேணும். அக்டிவேட் செய்யத் தேவையில்லை.

[சேர்விஸ்]
யூசர்=குளம்
வேர்க்கிங்டிரெக்டரி=/ஹோம்/குளம்/மட்டம்
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஹோம்/குளம்/மட்டம்/வென்வ்/பின்/பைத்தன் -யூ மட்டம்.பிவை
ரீஸ்டார்ட்=ஆல்வேய்ஸ்
ரீஸ்டார்ட்செக்=10

யூசர் வரி இல்லாட்டி எல்லாம் ரூட்டா ஓடும். ஓடுறது ஓடும், ஆனால் சீஎஸ்வி பைல் ரூட்டின்ர பெயரில உண்டாகி, பிறகு நீங்கள் கையால ஓட்டேக்க எழுத விடாது. இப்ப கிடக்கிற பைல்களையும் ஒருக்காச் சௌன் போட்டு உங்கட யூசருக்கு மாத்துங்கோ. அந்த யூசர் டயல்அவுட் குறூப்பில இருக்கோ எண்டும் பாருங்கோ, இல்லாட்டி யூஎஸ்பி போர்ட்டைத் திறக்க ஏலாது.

பைத்தனுக்குப் பின்னால -யூ போடுறது, பிரிண்ட் செய்யிறது உடனுக்குடன் ஜேர்னலுக்கு வரத்தான். அது இல்லாட்டிப் புரோகிராம் ஒழுங்கா ஓடிக்கொண்டிருக்கும், லொக்கோ வெறுமையாக் கிடக்கும். ஒண்டும் நடக்கேல்லை எண்டு நினைச்சு ஓடுறதைப் போய்க் குழப்புவீங்கள். எக்ஸெக்ஸ்டார்ட் வரிக் கடைசியில & அடையாளம் போடாதேங்கோ, ~ அடையாளமும் வேண்டாம். ரெண்டும் ஷெல்லின்ர (நீங்கள் கையால அடிக்கிற கட்டளையை வாசிக்கிறது) வேலை, இங்க ஷெல் இல்லை.

பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் மட்டம்

யூனிட் பைலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் முதல் வரி வேணும். எனேபிள் மட்டும் போட்டால் இப்ப ஓடாது. ஸ்டார்ட் மட்டும் போட்டால் அடுத்த பூட்டில வராது. --நவ் ரெண்டையும் சேர்த்துச் செய்யும்.

---

துருசடி

அண்ணை, நீங்கள் சொன்ன மூண்டாவதுதான். வென்வ் பைத்தனைக் குடுத்ததும் 203 போயிட்டுது. ரீபூட் கட்டளை போட்டு ஐஞ்சு தரம் பார்த்தாச்சு, ஐஞ்சு தரமும் தானா வந்தது.

ஆனால் நேற்றுக் கரண்ட் போய் வந்த பிறகு வேற ரெண்டு பிரச்சினை. ஒண்டு, சிலவேளை போர்ட் /டெவ்/டிடிவையூஎஸ்பி0 இல்லை எண்டு புரோகிராம் விழுந்து, 10 செக்கன் கழிச்சு எழும்பி, திரும்பவும் விழுது. பார்த்தால் நானோ யூஎஸ்பி1 ஆக் கிடக்கு, 0 இல ரவுட்டர் டொங்கிள். ரெண்டு, கரண்ட் இரவு 9 மணிக்கு வந்தது, பைலில முதல் கொஞ்ச வரிக்குப் பின்னேரம் 6:17 எண்டு இருக்கு. பிறகு திடீரெண்டு 9 மணிக்குத் தாவுது.

நெட்வேர்க் வந்த பிறகு தொடங்கச் சொன்னால் சரிவருமோ? நெட்வேர்க்-ஓன்லைன்.டார்கெட் எண்டு ஒண்டு இருக்காம்.

---

கனகராயன் கரை

ரீபூட் கட்டளையால் செய்யும் சோதனை, கரண்ட் போய் வருவதற்கு ஈடாகாது. ரீபூட்டில் பை ஒழுங்காக மூடுகிறது, நேரத்தை எழுதி வைக்கிறது, ரவுட்டரும் இடையில் அணைவதில்லை. பிளக்கைக் கழற்றினால் இவை ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே இனிச் சோதனை செய்யும்போது கொட்டிலின் மெயின் சுவிட்சைப் போட்டு அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, ரவுட்டரும் பையும் ஒன்றாக எழும்பும்படி விடுங்கள்.

முதலில் போர்ட். யூஎஸ்பி0, யூஎஸ்பி1 என்ற எண்கள் எது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதோ அதற்குக் கிடைப்பவை. நிலையான பெயர் /டெவ்/சீரியல்/ என்ற டிரெக்டரிக்குள் இருக்கிறது. பை-ஐடி (இந்தப் 'பை' ராஸ்ப்பெரி பை அல்ல, ஆங்கில by) என்பதற்குள் சிப்பின் பெயரை வைத்தும், பை-பாத் என்பதற்குள் எந்த யூஎஸ்பி வாயில் குத்தியிருக்கிறது என்பதை வைத்தும் பெயர்கள் கிடைக்கும். மலிவான நானோக்களில் உள்ள சிஎச்340 சிப்புக்குத் தனித் தொடர் எண் கிடையாது. ஒரு நானோ மட்டும் என்றால் பை-ஐடி போதும். பிறகு வாய்க்கால் மட்டத்துக்கென்று இரண்டாவது நானோ வைத்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து மோதும். இப்போதே பை-பாத் பெயரைப் போட்டு, வயர் குத்திய வாயில் நிறப்பூச்சால் ஒரு அடையாளம் வையுங்கள்.

போர்ட்டைத் திறந்த உடனே நானோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். சுமார் 2 செக்கனுக்கு அதிலிருந்து ஒன்றும் வராது, வரும் முதல் வரியும் பாதியாக இருக்கக்கூடும். திறந்தபின் 2 செக்கன் பொறுத்து, முதல் வரியை எறிந்துவிட்டு வாசியுங்கள். இல்லாவிட்டால் சேர்விஸ் எழும்பும் ஒவ்வொரு முறையும் பொய் மட்டம் ஒன்று பதிவாகும்.

அடுத்து, திரும்பத் திரும்ப விழுவது. உங்கள் பைலில் ரீஸ்டார்ட்செக்=10 இருப்பதால்தான் அது இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் 0.1 செக்கனில் திரும்ப எழுப்பப் பார்க்கும். வழக்கமான எல்லை 10 செக்கனுக்குள் 5 முறை. சில செக்கன்களுக்குள்ளேயே அந்த ஐந்தும் முடிந்து, "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி" என்று எழுதிவிட்டு நிரந்தரமாக நின்றுவிடும். ஆள் போய் எழுப்பும்வரை கிடக்கும். அந்தக் கதவை முழுக்கச் சாத்த, [யூனிட்] பகுதியில் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0 என்ற வரியைச் சேருங்கள். [சேர்விஸ்] பகுதியில் அல்ல.

போர்ட் வந்தபின் சேர்விஸ் தொடங்கட்டும் என்று ரிக்வயர்ஸ், பைன்ட்ஸ்டூ வரிகளால் டிவைசோடு கட்டும் முறையும் உண்டு. உங்கள் இடத்துக்கு அது வேண்டாம். நானோ வயர் தளர்ந்திருந்தால் சிஸ்டம்டி 90 செக்கன் பார்த்திருந்து, டிபென்டன்சி தவறியது என்று விட்டுவிடும். அப்படி விட்டதற்கு ரீஸ்டார்ட்=ஆல்வேய்ஸ் பொருந்தாது, ஏனென்றால் சேர்விஸ் தொடங்கி விழவில்லை, தொடங்கவேயில்லை. விடிய ஒருவர் வயரை இறுக்கினாலும் சேர்விஸ் எழும்பாது. போர்ட் இல்லாவிட்டால் விழட்டும், 10 செக்கனில் திரும்பப் பார்க்கட்டும். இதுதான் உறுதியானது.

நெட்வேர்க்-ஓன்லைன்.டார்கெட் பற்றி. அது வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டு வரிகளிலும் வர வேண்டும், ஆஃப்டர் மட்டும் போட்டால் அதை யாரும் எழுப்ப மாட்டார்கள். போட்டாலும் அது சொல்வது பைக்கு ஒரு ஐபி கிடைத்துவிட்டது என்பதை மட்டும். ரவுட்டர் வைஃபை தந்து, சிம் இன்னும் டவரைத் தேடிக்கொண்டிருந்தாலும் அதற்கு அது ஓன்லைன்தான். ரவுட்டரே வராவிட்டால் புக்வேர்மில் நெட்வேர்க்மனேஜர் 60 செக்கன் காத்திருந்து கைவிடும், உங்கள் சேர்விஸ் அதன்பின் எப்படியும் தொடங்கும். ஆக அந்த ஒரு நிமிட மட்டத்தை இழந்ததுதான் மிச்சம். மட்டம் அளக்க இணையம் தேவையில்லை. நெட்வேர்க் வரிகளை முழுதாக எடுத்துவிடுங்கள். அளப்பதும் எழுதுவதும் உடனே தொடங்கட்டும். அனுப்புவதை வேறு யூனிட்டாக்கி, 15 நிமிட டைமரில் விட்டு, அனுப்பாத வரிகளை மட்டும் பைலில் இருந்து எடுக்கச் செய்யுங்கள். டவர் ஒரு நாள் முழுக்க இல்லாவிட்டாலும் வந்த அன்று எல்லாம் போய்ச் சேரும்.

---

முள்ளியவளை

நேரம் பின்னால நிக்கிறதுக்குக் காரணம், பை 4 இல பற்றரியோட கூடின மணிக்கூடு இல்லை. (பை 5 இல மணிக்கூடு உள்ளுக்கே இருக்கு, பற்றரி தனியா வாங்கிக் கொழுவ வேணும்.) கரண்ட் வந்ததும் கடைசியா எழுதி வைச்ச நேரத்தில இருந்து எண்ணத் தொடங்கும், இணையம் கிடைச்சதும் தாவும். உங்கட 6:17 அதுதான்.

டைம்-சிங்க்.டார்கெட்டுக்கு ஆஃப்டர் போட்டு, சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சேர்விசை எனேபிள் செய்யச் சொல்லி சில பேர் சொல்லுவினம். அது நேரம் சரிவரும் வரைக்கும் எல்லையில்லாமல் காத்திருக்கும். டவர் விழுந்த இரவில மட்டம் அளக்கிறதே தொடங்காது. இங்க அதைப் போடாதேங்கோ.

டிஎஸ்3231 எண்ட பற்றரி மணிக்கூட்டு மொடியூல் ஒண்டு போடுங்கோ. பையின்ர 1ஆம் பின் 3.3 வோல்ட், 3ஆம் பின் எஸ்டிஏ, 5ஆம் பின் எஸ்சிஎல், 9ஆம் பின் கிரவுண்ட். 5 வோல்ட் பின்னில குத்தாதேங்கோ. நீல நிறத்தில வாற மலிவான மொடியூலில சார்ஜ் ஏத்துற ஒரு சின்ன வழி இருக்கு, சார்ஜ் ஏறக்கூடாத சிஆர்2032 பற்றரிக்கு 5 வோல்ட்டில அது மெல்ல மெல்ல ஏத்தி வீங்கப் பண்ணும். 3.3 இல இடையில இருக்கிற டயோட் ஏத்த விடாது.

ராஸ்பி-கொன்ஃபிகில ஐ2சியை ஓன் பண்ணி, /பூட்/ஃபேர்ம்வெயார்/கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி கடைசியில:

டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231

பழைய வழிகாட்டிகளில /பூட்/கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி எண்டு இருக்கும், புக்வேர்மில பாதை மாறியிட்டுது. ரீபூட் செய்து ஐ2சிடிடெக்ட் -வை 1 போட்டால் 68 இருக்க வேண்டிய இடத்தில யூயூ எண்டு வரும். 68 எண்டே வந்தால் மொடியூல் இருக்கு, டிரைவர் அதைப் பிடிக்கேல்லை. ஒண்டுமே வராட்டி எஸ்டிஏ, எஸ்சிஎல் மாறியிருக்கும். கடைசி நேரத்தைப் பைலில எழுதி வைக்கிற ஃபேக்-எச்டபிள்யூகுளொக் பக்கேஜ் இருந்தால் கழட்டுங்கோ. இணையம் இருக்கேக்க நேரம் சரியா எண்டு பார்த்து ஒருக்கா சூடோ எச்டபிள்யூகுளொக் -டபிள்யூ. பிறகு ரவுட்டரை ஓஃப் பண்ணி, பையின்ர பிளக்கைக் கழட்டிப் பத்து நிமிசம் விட்டுத் திரும்பக் குத்தி, டைம்டேட்சிடிஎல் போட்டுப் பாருங்கோ.

மொடியூல் வாங்கும் வரைக்கும் சீஎஸ்வியில ஒரு நிரல் கூட்டி, /ரன்/சிஸ்டம்டி/டைம்சிங்க்/சிங்க்ரனைஸ்ட் எண்ட பைல் இருந்தால் 1, இல்லாட்டி 0 எண்டு எழுதுங்கோ. எந்த வரியின்ர நேரத்தை நம்பலாம் எண்டு பிறகு தெரியும். வான் எப்ப பாயத் தொடங்கினது எண்டு கூட்டத்தில கேட்டால், 0 போட்ட வரியைக் காட்டி நேரம் சொல்லக் கூடாது.

இன்னொண்டு. எஸ்டி கார்டு, எழுத எழுதத் தேயும். 10 செக்கனுக்கு ஒரு வரி எண்டால் ஒரு நாளைக்கு 8640 தரம் எழுதும். ஆறு வாசிப்பின்ர நடு மதிப்பை எடுத்து நிமிசத்துக்கு ஒருக்கா எழுதினால் 1440. குள மட்டம் நிமிசத்துக்குள்ள மாறுறேல்லை, அலையில வாற பொய் வாசிப்பும் நடு மதிப்பில விழுந்து போம். எழுதினவுடன ஃபிளஷ், அதுக்குப் பிறகு ஓஎஸ்.எஃப்சிங்க். ரெண்டாவது இல்லாட்டி வரி மெமரியிலதான் கிடக்கும், அந்த நேரம் கரண்ட் போனால் அதுவும் போச்சு.

---

துருசடி

அக்கா, மொடியூல் வவுனியாவில எடுக்கச் சொல்லியாச்சு. கரை அண்ணை சொன்ன மாதிரி மெயின் சுவிட்சால நாலு தரம் ஓஃப் பண்ணிப் பார்த்தது. பை-பாத் பெயரோட நாலு தரமும் வந்தது, நெட்வேர்க் வரி எடுத்தாப் பிறகு ரவுட்டர் எழும்ப முதலே முதல் வரி பைலில இருக்கு.

ஒண்டு மட்டும் விளங்கேல்லை. கரண்ட் போகாத ஒரு நேரத்திலயும் பை தானா ரீபூட் ஆகியிருக்கு. ஜேர்னல்சிடிஎல் -பி -1 போட்டால் முந்தின பூட்டின்ர ஒண்டும் இல்லை எண்டுது.

---

மாங்குளம் சந்தி

முந்தின பூட் இல்லை எண்டால் ஜேர்னலை மெமரியில மட்டும் வைச்சிருக்கு. /வார்/லொக்/ஜேர்னல் எண்ட டிரெக்டரியை உண்டாக்கி, /எட்சி/சிஸ்டம்டி/ஜேர்னல்டி.கொன்ஃப்.டி/99-மட்டம்.கொன்ஃப் எண்ட பைலில [ஜேர்னல்] எண்ட வரிக்குக் கீழ ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டன்ட், சிஸ்டம்மக்ஸ்யூஸ்=50எம் எண்டு போடுங்கோ. அந்த 50 மெகாபைட் எல்லை இல்லாட்டி லொக் கார்டில பத்தில ஒரு பங்கு வரைக்கும் தின்னும்.

தானா ரீபூட் ஆகிறது அநேகமாக வோல்ட் குறைச்சல். இதைப் போடுங்கோ:

விசிஜென்சிஎம்டி கெட்_த்ரொட்டில்ட்

0எக்ஸ்0 எண்டால் நல்லம். 0எக்ஸ்50000 எண்டால் பூட் ஆனதில இருந்து எப்பவோ ஒருக்கா 4.63 வோல்ட்டுக்குக் கீழ போயிருக்கு. 0எக்ஸ்50005 எண்டால் இப்பவும் கீழதான் நிக்குது. பெரும்பாலும் அடப்டரில குறையில்லை, நீட்டு மெல்லிசு யூஎஸ்பி வயர்தான் காரணம். ஃபோன் சார்ஜ் பண்ணுற 2 மீற்றர் வயரை எடுத்துப்போட்டு, 5.1 வோல்ட் 3 அம்பியர் அடப்டரை அதின்ர சொந்த வயரோட போடுங்கோ. ரவுட்டர் டொங்கிளையும் பையில இருந்து கழட்டித் தனி அடப்டரில விடுங்கோ, டவர் தூரமா இருக்கிற இடத்தில அது சிக்னல் விடேக்க நிறைய இழுக்கும்.

---

கனகராயன் கரை

அதோடு ஹார்ட்வெயார் வாட்ச்டோக்கையும் (பை உறைந்தால் அதை ரீபூட் செய்யும் சிப்பின் காவல்) போட்டுவிடுங்கள். ரீஸ்டார்ட்=ஆல்வேய்ஸ் புரோகிராம் விழுந்தால் எழுப்பும், பையே உறைந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துவிடும். /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம்.கொன்ஃப் பைலில் ரன்டைம்வாட்ச்டோக்செக்= என்ற வரியின் முன் இருக்கும் # அடையாளத்தை எடுத்து, 15 ஐப் போட்டு ஒருமுறை ரீபூட். பை 4 இன் சிப் தாங்கும் அளவு அவ்வளவுதான், நிமிடக் கணக்கில் போட வேண்டாம். ஆனால் வோல்ட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் இதைப் போடுங்கள். முதலில் இதைப் போட்டால், வோல்ட் குறைந்து ரீபூட் ஆகிறதா, வாட்ச்டோக் ரீபூட் செய்கிறதா என்று பிரித்தறிய முடியாது.

---

துருசடி

கெட்_த்ரொட்டில்ட் 0எக்ஸ்50000. வயர் 2 மீற்றர்தான். நாளைக்கு மாத்திப்போட்டு எழுதுறன்.